செயின்சோ எஞ்சினை அமுக்கியும் பார்க்கவேணும், உறிஞ்சியும் பார்க்கவேணும்

"ஸ்லோவில விட்டால் தானாக றேஸ் எடுக்குது. அக்சிலேற்றரை விட்டாலும் சத்தம் இறங்க ரெண்டு மூண்டு செக்கன் பிடிக்குது. ஸ்குறூவை எப்பிடித் திருப்பினாலும் ஒரு இடத்தில நிக்குதில்லை." கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, எந்தக் கராஜில் கேட்டாலும் செயின்சோவுக்கு இந்த நோயைத்தான் சொல்வார்கள். கொண்டுவருபவர் பெரும்பாலும் மருந்தையும் தானே சொல்லிவிடுவார்: "அண்ணை, கார்பரேற்றர் போட்டுது, புதுசொண்டு போடுங்கோ."

புதுக் கார்பரேற்றர் போட்டால் இரண்டு நாளைக்கு ஓடும். மூன்றாம் நாள் பாலை மரத்தில் வாளை வைத்து முழு றேஸில் பிடிக்கும்போது பிஸ்ரன் இறுகும். கழற்றிப் பார்த்தால் சைலன்சர் பக்கம் பிஸ்ரனில் நெடுக்காகக் கீறல். குற்றம் கார்பரேற்றரில் இருந்ததே இல்லை. எஞ்சின் வேறெங்கோ ஓட்டையால் காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஸ்குறூட்ரைவர் உதவாது, காதும் ஓரளவுக்குத்தான். அமுக்கமும் உறிஞ்சலும் தரக்கூடிய ஒரு கைப்பம்பும், வாய்களை அடைக்க இரண்டு மூன்று தகடுகளும் வேண்டும். இந்தச் சாமான்களைப் பற்றியும், அவற்றை வைத்து எதை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றியும்தான் இந்தப் பதிவு.

முதலில் எஞ்சின் மூச்சு விடும் விதம். செயின்சோவில் இருப்பது டூ ஸ்ரோக் எஞ்சின். அதில் பிஸ்ரனுக்குக் கீழே உள்ள கிராங் அறையும் வேலை செய்யும் அறைதான். பிஸ்ரன் மேலே போகும்போது அந்த அறையில் உறிஞ்சல் உண்டாகி, கார்பரேற்றர் வழியாகப் பெற்றோலும் ஒயிலும் காற்றும் கலந்து உள்ளே வரும். பிஸ்ரன் கீழே வரும்போது அதே கலவை அமுங்கி, பக்க வாய்களால் மேலே ஏறும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அந்த அறை ஒரு தடவை உறிஞ்சும், ஒரு தடவை அமுக்கும். கிராங் தண்டு வெளியே வரும் இரண்டு பக்கமும் ஒயில் சீல் இருப்பது இந்த அறையை மூடி வைக்கத்தான். சீல் கசிந்தால் உறிஞ்சும் நேரத்தில் வெறுங்காற்று உள்ளே போகும், பெற்றோலின் பங்கு குறையும். டூ ஸ்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடுதான் வருகிறது. பெற்றோல் குறைந்தால் உராய்வைத் தடுக்கும் ஒயிலும் குறைகிறது, எஞ்சினின் சூடும் ஏறுகிறது. ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் என்று சரியாக அளந்து கலந்தவரின் வாளும் இப்படி இறுகுவதற்குக் காரணம் இதுதான். ஒயிலில் பிழை தேடுவார்கள், கடைக்காரரோடு சண்டையும் பிடிப்பார்கள்.

இனி, ஏன் இரண்டு சோதனையும். அமுக்கம் மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு "சீல் நல்லம்" என்று மூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஒயில் சீலின் உதடு உட்பக்கம் பார்த்தபடி இருக்கும். உள்ளே அமுக்கம் ஏறினால் அந்த அமுக்கமே உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும். உதடு தேய்ந்திருந்தாலும், ஸ்பிறிங் தளர்ந்திருந்தாலும் அமுக்கச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். உறிஞ்சல் கொடுத்தால் வெளிக்காற்று உதட்டைத் தண்டிலிருந்து தூக்கும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். மறுபக்கம், கஸ்கட்டிலோ ரப்பர் குழாயிலோ உள்ள வெடிப்பை உறிஞ்சலில் தேடுவது கடினம். அமுக்கம் கொடுத்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் குமிழி எழுந்து இடத்தைக் காட்டிவிடும். அமுக்கம் இடத்தைக் காட்டும், உறிஞ்சல் சீலின் உண்மையைச் சொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் உறிஞ்சலை வாங்குங்கள் என்றுதான் சொல்வோம்.

பம்பும் கேஜும்

அமுக்கம், உறிஞ்சல் இரண்டும் தரும் உலோகக் கைப்பம்பு கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். மிற்றிவாக் போன்ற கம்பனிகளின் பம்பில் ஒரு ஆணியைத் திருப்பினால் அமுக்கம் உறிஞ்சலாக மாறும், கேஜும் இரண்டு பக்கமும் காட்டும். அதைப் பார்த்துச் செய்த மலிவான பம்புகளும் இருக்கின்றன. வாங்கும்போது கேஜின் அளவைக் கவனியுங்கள். நமக்கு வேண்டியது 0.5 பார் சுற்றுவட்டாரம். 0.5 பார் என்பது ஏறத்தாழ 7.25 பி.எஸ்.ஐ, அல்லது 50 கிலோபஸ்கால். உறிஞ்சல் பக்கத்தில் அதே அளவு சுமார் 15 அங்குல இரசம். 100 பி.எஸ்.ஐ வரை காட்டும் ரயர் கேஜில் 7 பி.எஸ்.ஐ என்பது ஊசி அசைந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் இடம். குளிர்சாதனக்காரர்களின் கேஜ் செட்டும் அப்படித்தான், அதில் நுணுக்கமான கசிவு தெரியாது. 30 பி.எஸ்.ஐக்குள் முடியும் கேஜ் நல்லது, 15 பி.எஸ்.ஐ என்றால் இன்னும் நல்லது.

காரின் பிரேக் ஒயில் இழுக்கும் கைப்பம்பு உறிஞ்சலுக்கு அப்படியே பொருந்தும். அதன் கேஜ் 0 முதல் 30 அங்குல இரசம் வரை காட்டும், 15 நடுவில் வருவதால் வாசிக்கவும் வசதி. அமுக்கம்தான் அதில் கிடைக்காது.

அமுக்கத்துக்கு மலிவான வழி, பிறசர் பார்க்கும் கைக்கருவி. கையில் சுற்றும் துணிப்பையைக் கழற்றிவிட்டு, ரப்பர் பந்தையும் ஊசிக் கேஜையும் ஒரு டி வடிவ இணைப்பில் சேர்த்தால் போதும். பந்தில் ஒருவழி வால்வு உள்ளேயே இருக்கிறது, காற்றைத் திறந்துவிடும் திருகும் இருக்கிறது. கேஜ் 300 மில்லிமீற்றர் இரசம் வரை காட்டும். அது 0.4 பார், 5.8 பி.எஸ்.ஐ. கம்பனி சொல்லும் 0.5 பாருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் கோடுகள் 2 மில்லிமீற்றருக்கு ஒன்றாக இருப்பதால் பெரிய கேஜில் தெரியாத கசிவும் இதில் தெரியும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கேஜை உறிஞ்சல் பக்கம் பூட்டக்கூடாது. அது அமுக்கத்துக்கு மட்டும் செய்த மெல்லிய தகட்டுப் பெட்டி, உறிஞ்சினால் ஊசி திரும்பிப் பூச்சியத்துக்கு வராது.

இதுவும் இல்லையென்றால் 60 மில்லிலீற்றர் சிறிஞ்ச் ஒன்று, மீன்தொட்டிக்குப் போடும் ஒருவழி வால்வு இரண்டு, சலைன் குழாயில் வரும் மூன்றுவழித் திருகு ஒன்று. வால்வுகளை ஒரு திசையில் பூட்டினால் அமுக்கும், திருப்பிப் பூட்டினால் உறிஞ்சும். 70 சி.சி. அளவுள்ள எஞ்சினின் உள்ளிடம் மொத்தம் கால் லீற்றர் சொச்சம்தான். ஆகவே நாலைந்து இழுவையில் 0.5 பார் உறிஞ்சல் வந்துவிட வேண்டும். பத்து இழுத்தும் ஊசி ஏறவில்லை என்றால் கசிவு பெரிது, அல்லது ஏதோ ஒரு வாயை அடைக்க மறந்திருக்கிறீர்கள். மீன்தொட்டி வால்வு தானே மெல்லக் கசியும் சாமான், நம்ப வேண்டாம். அளவுக்கு ஏற்றியதும் மூன்றுவழித் திருகைப் பூட்டி, வால்வுகளைக் கேஜிலிருந்து பிரித்துவிட்டுத்தான் நேரம் பார்க்கவேண்டும்.

கராஜில் நிற்கும் கொம்பிறசரால் ஊதிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதில் 8 பார் நிற்கும். ஒரு தொடுகையில் சீல் தன் குழியை விட்டு வெளியே பாயும். கைப்பம்பிலும் 0.7 பாருக்கு, அதாவது 10 பி.எஸ்.ஐக்கு மேல் போக வேண்டாம்.

எந்தப் பம்பானாலும் எஞ்சினில் பூட்டுமுன் குழாய் நுனியை விரலால் அல்லது ஒரு போல்ட்டால் அடைத்து 0.5 பார் ஏற்றி ஒரு நிமிடம் பாருங்கள். ஊசி அசைந்தால் கருவியே கசிகிறது. இதைச் செய்யாமல் நல்ல சீலைக் கழற்றி எறிந்தவர்கள் பலர்.

வாய்களை அடைப்பது

வேலையில் பாதி இதுதான். எஞ்சினுக்கு மூன்று பெரிய வாய்: கார்பரேற்றர் பக்கம், சைலன்சர் பக்கம், பிளக் ஓட்டை. சில வாள்களில் நாலாவதாக, ஸ்ராட் இழுக்கச் சுலபமாக்கும் டிகொம்பிறசன் வால்வும் உண்டு. கிராங் அறையின் உறிஞ்சல், அமுக்கத் துடிப்பைக் கார்பரேற்றருக்குள் உள்ள பெற்றோல் பம்புக்குக் கொடுக்கும் சின்னத் துளை அல்லது குழாய் ஐந்தாவது. இதைத்தான் அதிகம் பேர் மறப்பார்கள்.

சைலன்சர் பக்கம் சுலபம். சைலன்சரைத் தளர்த்தி, அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் ஒரு ரப்பர் துண்டைச் செருகித் திரும்ப இறுக்குவதுதான். சைக்கிள் ரியூப் மெல்லியது, வாயின் விளிம்பில் வெட்டுப்பட்டுவிடும். லொறி அல்லது உழவு இயந்திர ரியூப், இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, அதுதான் சரி. வாயை விடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றராவது பெரிதாக வெட்டுங்கள். கரி படிந்த முகத்தைச் சுரண்டித் துடைத்த பிறகு வையுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு செய்யவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கருகிய ரப்பர் மணம் பல கராஜ்களுக்குப் பழக்கம்.

கார்பரேற்றர் பக்கத்துக்கு ஒரு தகடு செய்யவேண்டும். 5 மில்லிமீற்றர் அலுமினியம் அல்லது பேர்ஸ்பெக்ஸ், கார்பரேற்றரின் இரண்டு போல்ட்டுக்கும் ஏற்ற துளை, நடுவில் பம்பின் குழாய் ஏறும் ஒரு நிப்பிள், முகத்தில் ரப்பர். துடிப்புத் துளை கார்பரேற்றர் முகத்திலேயே வரும் வாளென்றால் ரப்பர் அதையும் மூடவேண்டும். தனிக் குழாயாக வரும் வாளென்றால் தகட்டில் துளை போடாமல் வெறுமனே அடைத்துவிட்டு, பம்பைத் துடிப்புக் குழாயிலேயே பூட்டலாம். அதுதான் இன்னும் நல்ல வழி, ஏன் என்பது கீழே வரும்.

கவனிக்கவேண்டியது: தகட்டைச் சிலிண்டரில் நேரே பூட்டாதீர்கள். கார்பரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள ரப்பர்க் கழுத்து இருந்தபடியே இருக்க, அதன் கார்பரேற்றர்ப் பக்க வாயில்தான் தகடு ஏறவேண்டும். அந்தக் கழுத்துத்தான் வன்னி வெயிலுக்கும் அதிர்வுக்கும் முதலில் வெடிப்பது. அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதித்தால் குற்றவாளியை வெளியே விட்டு மற்றவர்களை விசாரித்த மாதிரி.

ஸ்டில் எம்.எஸ். 261, எம்.எஸ். 362 போன்ற புதிய வகை எஞ்சின்களில் கலவைக்கு ஒன்றும் வெறுங்காற்றுக்கு ஒன்றுமாக இரண்டு வழி இருக்கும். தகடு இரண்டையும் அடைக்கவேண்டும். பழைய 070க்குச் செய்த தகடு இதற்கு உதவாது.

பிளக்கை வாசரோடு நன்றாக இறுக்குங்கள். பெரும்பாலான செயின்சோக்களில் பிளக் மரை 14 மில்லிமீற்றர், ஆகவே பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு அந்த இரும்பு உடம்பில் ஒரு நிப்பிளைப் பித்தளையால் ஒட்டினால், அந்த வழியாலும் பம்பு பூட்டலாம். டிகொம்பிறசன் வால்வின் பொத்தான் வெளியே நிற்கவேண்டும். உள்ளே அமுங்கியிருந்தால் அது திறந்திருக்கிறது என்று பொருள்.

பிஸ்ரன் நிற்கும் இடம்

இதைக் கவனிக்காமல் சோதிப்பதும் சோதிக்காமல் விடுவதும் ஒன்றுதான். பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது கார்பரேற்றர் வாய் பிஸ்ரனுக்குக் கீழே கிராங் அறையோடு திறந்திருக்கும். தகட்டின் நிப்பிளால் ஊதினால் காற்று கிராங் அறைக்குப் போகும். பிஸ்ரன் கீழே நின்றால் அதன் உடம்பே அந்த வாயை மறைக்கும். காற்று போகாது, ஊசி மளமளவென்று ஏறி அசையாமல் நிற்கும். எஞ்சின் அருமையாக இருக்கிறது என்று மூடிவிடுவீர்கள். ஆகவே தகடு வழி என்றால் பிஸ்ரன் உச்சியில்.

பிளக் ஓட்டை வழி என்றால் எதிர்மாறு: பிஸ்ரன் அடியில் நிற்கவேண்டும். அப்போதுதான் பக்க வாய்கள் திறந்து மேலறையும் கிராங் அறையும் ஒன்றாகும். துடிப்புக் குழாய் வழி என்றால் நேரே கிராங் அறைதான், பிஸ்ரன் எங்கே நின்றாலும் சரி. அதனால்தான் அது நல்ல வழி என்றோம். பிஸ்ரனை அடிக்குக் கொண்டுவந்தால் பிளக் வாசர், டிகொம்பிறசன் வால்வு, சைலன்சர் ரப்பர் எல்லாம் சேர்ந்து சோதனைக்குள் வந்துவிடும்.

ஏற்றிப் பார்ப்பது

பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் அமுக்கம். 0.5 பார் ஏற்றிக் கடிகாரம் பாருங்கள். ஸ்டில் கம்பனியின் பட்டறைக் கையேட்டின்படி 20 செக்கன் அசையாமல் நின்றால் எஞ்சின் காற்றுக்கு இறுக்கம். மற்றக் கம்பனிகளின் அளவும் நேரமும் வேறாக இருக்கும், அந்தந்த மொடலின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கினால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசுங்கள். ரப்பர்க் கழுத்து, அதன் கிளிப், சிலிண்டர் அடிக் கஸ்கட், பிளக் அடி, டிகொம்பிறசன் வால்வு, கிராங் பெட்டி இரண்டு பாதியும் சேரும் கோடு, பிறகு சீல்கள். பிளைவீல் பக்கச் சீல் பிளைவீலுக்குப் பின்னால், மற்றது கிளச்சுக்கும், பல வாள்களில் செயின் ஒயில் பம்புக்கும் பின்னால். கழற்றாமல் இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் ஒரு மெல்லிய குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைப் பிளைவீல் இடுக்கிலும் வைத்துக் கேட்டால் பெரிய கசிவு சீறுவது கேட்கும். எந்தப் பக்கத்தை முதலில் கழற்றுவது என்று முடிவெடுக்க அது போதும்.

குமிழி பார்க்கும்போது கையைச் சும்மா வைத்திருக்கக்கூடாது. கைபிடியை அசைத்து ரப்பர்க் கழுத்தை இழுத்தும் வளைத்தும் விடுங்கள். நிற்கும் நிலையில் மூடிக்கிடக்கும் வெடிப்பு, மரத்தில் வாளை அழுத்தும்போதுதான் வாய் திறக்கும். கழுத்தின் அடிப்பக்க மடிப்பில் நகத்தால் விரித்துப் பாருங்கள்.

அடுத்தது உறிஞ்சல், அதே 0.5 பார். இங்கே ஸ்டில் கொஞ்சம் தாராளம்: 20 செக்கனுக்குள் 0.5இலிருந்து 0.3 பாருக்குக் கீழே இறங்காவிட்டால் சீல் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் இறங்கினால், சீல் உதட்டில் இரண்டு துளி மெல்லிய ஒயில் விடுங்கள். ஒயில் உள்ளே இழுபட்டு, ஊசி ஒரு கணம் தயங்கி நின்றால் அந்தச் சீல்தான். அடுத்த பக்கத்தையும் விட்டுவிடாமல் பாருங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான்.

உறிஞ்சல் நிற்கும்போதே கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிஸ்ரன் வாய்களைக் கடக்கும்போது ஊசி ஆடும், அது இயல்பு. சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வந்ததும் ஊசியும் பழைய இடத்துக்கு வரவேண்டும். தண்டில் ஒரு பக்கம் மட்டும் துரு தின்ற குழி இருந்தால் அந்தக் கோணத்தில்தான் கசியும், நிறுத்தி வைத்துப் பார்த்தால் பிடிபடாது.

சூட்டைப் பற்றி ஒன்று. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும் நாட்களில், நிழலில் அமுக்கம் ஏற்றிய எஞ்சினை வெளிச்சத்துக்கென்று முற்றத்துக்குக் கொண்டுபோனால் கேஜ் பொய் சொல்லும். உள்ளே அடைபட்ட காற்று 30 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால் 0.5 பார் தானாக 0.55 ஆகும். மெல்லிய கசிவு ஒன்று அந்த ஏற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். சூடான எஞ்சினில் ஏற்றினால் இதன் மறுபக்கம்: ஆற ஆற ஊசி இறங்கும், இல்லாத கசிவைத் தேடி நாள் போகும். சோதனை முடியும்வரை ஒரே இடம், ஒரே நிழல். ஆனால் எஞ்சின் சூடேறிய பிறகுதான் ஸ்லோ குழம்புகிறது என்று வாள்காரர் சொன்னால், ஆறிய நிலையில் ஒன்று, கை பொறுக்கும் சூட்டில் ஒன்று என்று இரண்டு தடவை பார்க்கத்தான் வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்த பிறகு மட்டும் திறக்கும் கசிவுகளும் உண்டு.

ஓடும் எஞ்சினில் கார்பரேற்றர் கிளீனரை அடித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் முறையை நாங்கள் சொல்லமாட்டோம். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் திரவம், அது ஒன்று. பிளைவீலுக்குப் பின்னால் அது போகவும் மாட்டாது. ஓடும்போது பார்க்கவேண்டுமானால் ஸ்லோவில் விட்டு வாளை இடப்பக்கமும் வலப்பக்கமும் சரித்துப் பாருங்கள். சரிக்கச் சத்தம் மாறினால் சீலையோ கிராங் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். அதுவும் சந்தேகம்தான், தீர்ப்பைக் கேஜ் சொல்லட்டும்.

எஞ்சின் பாஸ், ஆனாலும் நோய் போகவில்லை

அப்போது அதே பம்பை எரிபொருள் பக்கம் திருப்புங்கள். பெற்றோல் குழாயை கார்பரேற்றரில் இருந்து கழற்றி, தாங்கிக்குள் உள்ள பில்டரை எடுத்துவிட்டு அந்த நுனியை அடைத்து, 0.5 பார் ஏற்றிப் பாருங்கள். இந்தக் குழாய் பெற்றோலைச் சிந்தாமலே காற்றை இழுக்கும், அதனால் ஈரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தாங்கிச் சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில்தான் அது முதலில் வெடிக்கும்.

கார்பரேற்றரின் பெற்றோல் நிப்பிளில் 0.8 பார் ஏற்றுங்கள், நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கார்பரேற்றரை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் அமிழ்த்துங்கள். நடுக்குழலில் குமிழி வந்தால் ஊசி வால்வு, அல்லது அதன் கீழ் ஒரு துணிக்கைத் தூசு. கார்பரேற்றரின் பெற்றோல் பம்பு மூடியின் ஓரத்தில் வந்தால் அங்குள்ள மெல்லிய தோல் அல்லது கஸ்கட். காலபோகம் விதைக்கத் தொடங்கும்போது மூலையில் வைத்த வாளை, பெற்றோலை வடிக்காமலே மாசி, பங்குனியில் எடுத்தால் இந்தத் தோல் காய்ந்த வெற்றிலைபோல விறைத்திருக்கும். 2020 மார்கழியில் புரேவிப் புயல் வந்தபோதுபோல ஒரே இரவில் மரங்கள் விழுந்து, மூலையில் கிடந்த வாளெல்லாம் வெளியே வரும் நாட்களில் கராஜுக்கு வருவதும் இப்படியானவைதான்.

தாங்கியின் காற்றுத் துளை அடைபட்டாலும் எஞ்சின் ஓடி ஓடி நிற்கும். மூடியைத் திறந்தால் "சுஸ்" என்று காற்று உள்ளே போகும், திரும்ப ஓடும். தாங்கிக்கு உறிஞ்சல் கொடுத்துப் பாருங்கள். இங்கே மட்டும் ஊசி நிற்கக்கூடாது. நின்றால் துளை அடைப்பு. செம்பாட்டுப் புழுதியும் பனஞ்சிராம்பும் போதும் அதை அடைக்க, குளவி மண் வைத்தாலும் ஆச்சரியமில்லை.

சீல் மாற்றும்போது

கிளச் பெரும்பாலான வாள்களில் இடதுமரை, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால் கழரும். பிஸ்ரனைத் தடுக்க இரும்பை விடாதீர்கள், ஸ்ராட் கயிற்றை முடிச்சுப் போட்டு பிளக் ஓட்டையால் இறக்குங்கள். பிஸ்ரன் ஏறி சைலன்சர் வாயை மூடிய பிறகு இறக்கினால்தான் கயிறு வாயில் அகப்பட்டு அறுபடாது. சீலைக் கழற்றுமுன் தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. அதற்குமேல் எந்தப் புதுச் சீலைப் போட்டாலும் ஒரு பருவம் தாண்டாது.

பழைய சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் எண்ணாக அடித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எடுக்கும்போது தண்டில் கீறல் விழாமல், சீலின் முகத்தில் சின்ன ஸ்குறூ ஒன்றை ஏற்றிக் குறட்டால் இழுங்கள். தண்டில் பழைய உதடு தேய்த்த வளையக் கோடு நகத்துக்குத் தட்டுப்பட்டால், புதுச் சீலை அரை மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ நிறுத்துங்கள், உதடு புது இடத்தில் ஓடும். மரையிலும் சாவிக் குழியிலும் உதடு கிழியாதபடி பிளாஸ்ரிக் போத்தலில் வெட்டிய மெல்லிய துண்டைச் சுற்றி, உதட்டில் கிறீஸ் தடவி, அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். சீலின் வெளி வளையத்துக்குச் சரியான சொக்கட் அல்லது குழாயை வைத்துச் சரிவில்லாமல் தட்டவேண்டும்.

எம்.எஸ். 180 போன்ற சின்ன வாள்களில் பேரிங்கும் சீலும் சிலிண்டருக்கும் அடிச்சட்டிக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி இருக்கும், கஸ்கட் இல்லை, பசைதான். அங்கே கசிந்தால் சீலை மட்டும் தட்டி ஏற்றி ஒப்பேற்ற முடியாது. பிரித்து, இரண்டு முகத்தையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, சூடு தாங்கும் பசையை மெல்லிய கோடாக விட்டுத் திரும்பப் பொருத்தவேண்டும். பசை காயுமுன் அமுக்கம் ஏற்றினால் உங்கள் கையாலேயே ஒரு புது ஓட்டை போட்டதாகும். பசைக் குழாயில் எழுதியிருக்கும் நேரம் முழுக்கப் பொறுங்கள்.

கிளச் பக்கச் சீல் அடிக்கடி போகிறதென்றால் சீலைக் குறைசொல்லுமுன் ஓட்டும் முறையைக் கேளுங்கள். செயின் பிரேக்கைப் போட்டபடி றேஸ் பண்ணுவது, மொட்டைச் செயினை முதிரையில் வைத்து அழுத்துவது, இரண்டும் கிளச்சைச் சுட்டு அந்தச் சூட்டைச் சீலுக்குக் கொண்டுவரும். இங்கத்தைய பனைக்குள் இன்னும் கிடக்கும் போர்க்காலத் துவக்குச் சன்னம் செயினை மொட்டையாக்குவது தனிக்கதை.

எல்லாம் பூட்டியபின் திரும்பவும் இரண்டு சோதனையும், அதே 20 செக்கன். நின்றால்தான் கார்பரேற்றர் ஸ்குறூவில் கைவைக்கலாம். ஸ்குறூவை அதிகம் திருப்பவிடாத தடுப்பு மூடி இல்லாத பல கார்பரேற்றர்களுக்கு எல் (ஸ்லோவுக்கான ஸ்குறூ), எச் (முழு றேஸுக்கானது) இரண்டையும் மெதுவாக அடிவரை இறுக்கி ஒரு சுற்றுத் திறப்பது தொடக்க நிலை. முழு றேஸில், மரத்தில் வைக்காதபோது சத்தம் கொஞ்சம் கொரகொரத்து, மரத்தில் வைத்ததும் தெளிந்தால் பெற்றோல் போதுமான அளவு போகிறது. சைலன்சருக்குள் செருகிய ரப்பரை எடுத்துவிட்டீர்களா என்று ஸ்ராட் இழுக்குமுன் பாருங்கள். கார்பரேற்றரை மாட்டுமுன், திகதி, அமுக்கம், உறிஞ்சல், 20 செக்கனில் எவ்வளவு இறங்கியது என்ற எண்களை ஒரு துண்டு ரேப்பில் எழுதி எயார் பில்டர் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை வாள் வரும்போது 20 செக்கன் முடிவில் நிற்கும் உறிஞ்சல் 0.45இலிருந்து 0.35க்கு வந்திருந்தால், கையேட்டின்படி அது இன்னும் பாஸ்தான், ஆனால் சீலுக்கு இப்போதே சொல்லி வைக்கலாம்.